நாற்பத்தொன்றாவது பாக்கெட்

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் சுய உதவிக் குழு தேயிலைத் தூளை 250 கிராம் பாக்கெட்டுகளாகக் கட்டி விற்கிறது. மேட்டுப்பாளையத்துக் கடைக்காரர் ஒருவர் எடை குறைகிறது என்று இரண்டு முறை பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே ஒரு நாள் கட்டிய 410 பாக்கெட்டுகளில் பத்துக்கு ஒன்று வீதம், கட்டிய வரிசையிலேயே 41 எடுத்து, காலிப் பையின் எடை சேராதபடி நிறுத்துக் குறித்தேன். (பத்துக் காலிப் பைகள் சேர்ந்து 45 கிராம்.) அவற்றில் ஒன்று 231 கிராம்தான் இருந்தது. ஓரம் சரியாக ஒட்டாமல் தூள் சிந்தியிருக்கும் என்று அதை விட்டுவிட்டேன். மீதி 40 எண்களைக் கோவையில் படிக்கும் அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவன் டி-சோதனை செய்து, "சராசரி 251.25, பி-மதிப்பு 0.005-க்கும் கீழே, தைரியமாகப் பேசுங்கள் சித்தி" என்கிறான். அவனுடைய நண்பரோ, எண்கள் மணி வடிவத்தில், அதாவது நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்து, இல்லை, டி-சோதனை செல்லாது என்று குறிச் சோதனை செய்து, பி-மதிப்பு 0.13, 250-ஐவிட அதிகம் என்று சொல்ல முடியாது என்கிறார். அவர்களுடைய ஆசிரியர் வில்காக்சன் என்று மூன்றாவதாக ஒரு பெயர் சொன்னாராம். என் கொழுந்தனார், மலையில் புவியீர்ப்பு குறைவு, தராசே பொய் சொல்கிறது என்கிறார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு வரிசை எண்கள். அதற்கு எந்த முறை? எத்தனை பாக்கெட் நிறுத்தால் போதும்?
— ஒரு வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கொழுந்தனாரின் சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். உயரம் கூடக் கூடப் புவியீர்ப்பு குறைவது உண்மைதான். மேட்டுப்பாளையத்தில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசைக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்தால், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றத்துக்கு 250 கிராமில் 0.15 கிராம்கூடக் குறையாது. அதுவும் தராசு குறைத்துக் காட்டும். அதை ஈடுகட்ட நீங்கள் ஒரு சிட்டிகை கூடுதலாகத்தான் போடுவீர்கள். லாபம் கடைக்காரருக்கு. உங்கள் தராசு முழுக் கிராமில்தான் எண் காட்டுகிறது என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படவும் படாது. புவியீர்ப்பை விட்டுவிடுவோம்.

இனி அக்கா மகனும் நண்பரும். நீங்கள் அனுப்பிய 40 எண்களைக் கொண்டு இரண்டு கணக்கையும் நானே போட்டுப் பார்த்தேன். கணக்குப் போட்டதில் இருவரும் எங்கும் தவறவில்லை. சராசரி 251.25. எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 2.6. அந்தச் சராசரியே எவ்வளவு தடுமாறக்கூடும் என்று காட்டும் திட்டப் பிழை 0.41. ஆகவே 1.25 கிராம் கூடுதல் என்பது திட்டப் பிழையைப் போல மூன்று மடங்கு. தற்செயலாக வந்திருக்கும் என்று சொல்வது கடினம். உண்மையில் சராசரி 250-தான் என்றால் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதே பி-மதிப்பு. டி-சோதனை சொல்வது இவ்வளவுதான். குறிச் சோதனை எடையைப் பார்ப்பதே இல்லை. 250-க்கு மேலே 23 பாக்கெட், கீழே 13, சரியாக 250 நான்கு என்று எண்ணி, அந்த நான்கையும் ஒதுக்கிவிட்டு, ஒரு நாணயத்தை 36 முறை சுண்டினால் 23-க்கு 13 என்று விழுவது அதிசயமா என்று கேட்கிறது. அதிசயமில்லை. அதனால்தான் 0.13.

ஒரே எண்களுக்கு இரண்டு தீர்ப்பு வந்துவிட்டதே என்று நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு வழக்குகள். முதலாவது, மொத்தத் தூளையும் சமமாகப் பகிர்ந்தால் ஒரு பாக்கெட்டுக்கு 250-க்கு மேல் வருமா என்ற வழக்கு. இரண்டாவது, பாதிக்கு மேற்பட்ட பாக்கெட்டுகள் 250-ஐத் தாண்டுமா என்ற வழக்கு. முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்குத் தெரியவில்லை என்றும் ஒரே நேரத்தில் பதில் வரலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆசிரியர் சொன்ன வில்காக்சன் சோதனை இரண்டுக்கும் நடுவில் நிற்பது. 250-இலிருந்து எவ்வளவு விலகியது என்பதைத் தர வரிசையாக மாற்றிக்கொண்டு கூட்டும். ஆனால் எண்கள் நடுப்புள்ளிக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒத்துப் பரவியிருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மணி வடிவம் இல்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு தாவிவிடக்கூடிய புகலிடம் அல்ல அது.

மூவரில் ஒருவரும் கடைக்காரரின் வழக்கை எடுக்கவில்லை என்பதுதான் என் குறை. அவர் சராசரியை விற்கவில்லை. அவரிடம் வருகிறவர் ஒரே ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து, பக்கத்துத் தராசில் வைத்துப் பார்த்து, 247 என்றால் சண்டைக்கு வருகிறார். பக்கத்துப் பாக்கெட்டில் 255 இருப்பது அவருக்கு எந்த ஆறுதலும் தராது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "250-க்குக் கீழே போகும் பாக்கெட் நூற்றுக்கு எத்தனை?" என்பது. உங்கள் 40-இல் 13. அதாவது நூற்றுக்கு 32 அல்லது 33. வெறும் 40 பாக்கெட் என்பதால் இந்த விகிதத்தைச் சுற்றி நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லைகள், போட்டால் நூற்றுக்கு 20 முதல் 48 வரை போகிறது. கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒரு பாக்கெட் குறைகிறது. அக்கா மகனின் 0.005-ஐ எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்குப் பேசப் போகாதீர்கள். கடைக்காரர் சொல்வது சரி.

இதற்குப் பெரிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள். எண்ணினாலே போதுமாக இருந்தது. ஒரு எண்ணை 'குறைவு', 'குறைவில்லை' என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் தகவல் வீணாகிறது என்று பாடப் புத்தகங்கள் எச்சரிக்கும். பொதுவாக நானும் அந்த எச்சரிக்கையின் பக்கம்தான். ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பதை எதிர்த்தரப்பே தீர்மானித்திருக்கும்போது, அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை என்று எண்ணுவதைவிட நேர்மையான பதில் வேறில்லை.

இப்போது எண்களை ஒரு வரைபடத் தாளில் புள்ளிகளாக வையுங்கள். கணினி வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டு போதும். 246-இல் ஒரு புள்ளி, 247-இல் இரண்டு, 248-இல் மூன்று, 249-இல் ஏழு, 250-இல் நான்கு, 251-இல் நான்கு, 252-இல் மூன்று, 253-இல் ஆறு, 254-இல் ஆறு, 255-இல் மூன்று, 256-இல் ஒன்று. என்ன தெரிகிறது? 249-இல் ஒரு குன்று, 253-க்கும் 254-க்கும் மேலே இன்னொரு குன்று. அக்கா மகன் பெருமையாகச் சொன்ன 251.25 இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விழுகிறது. உங்கள் பாக்கெட்டுகள் அதிகம் தங்காத இடத்தைத்தான் சராசரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர் 'மணி வடிவத்தில் இல்லை' என்று கண்டுபிடித்தது நல்ல கண். ஆனால் அதிலிருந்து அவர் தவறான பக்கம் திரும்பிவிட்டார். வடிவம் சரியில்லை என்றால் உடனே வேறு சோதனையைத் தேடுவது கல்லூரிகளில் பழகிப்போன வழக்கம். முதலில் இயல்நிலைப் பரவலா, அதாவது மணி வடிவமா என்று ஒரு சோதனை. தேறினால் டி, தேறாவிட்டால் வில்காக்சன் என்று ஒரு கிளைப்படம் வரைந்து சுவரில் மாட்டியிருப்பார்கள். எனக்கு அந்தப் படத்தின்மேல் மரியாதை இல்லை. பத்து எண்களை வைத்துக்கொண்டு இயல்நிலைச் சோதனை செய்தால் எந்தக் கோணலும் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. ஐயாயிரம் எண்களைக் கொடுத்தாலோ ஒன்றுக்கும் உதவாத சிறு நெளிவையும் பிடித்துக்கொண்டு கூச்சலிடும். அதோடு, 40 எண்களின் சராசரியைப் பற்றிப் பேசும்போது, உங்கள் எண்களில் உள்ள அளவு கோணலை டி-சோதனை தாங்கிக்கொள்ளும். அந்தச் சோதனையே தொழில்கூடத்தில் பிறந்ததுதான். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், கையில் இருந்த சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பார்லியையும் மதுவில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவையும் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெரிய மாதிரிகளுக்கான சூத்திரங்கள் அவருக்கு உதவவில்லை. 1908-இல் அவர் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இது.

இரண்டு குன்று தெரிந்தால் தேட வேண்டியது சோதனையை அல்ல, காரணத்தை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கோடு. எண்களை எழுதிய தாளில் இருபதாவது பாக்கெட்டுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு 'மதியச் சாப்பாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள 20 பாக்கெட்டுகளின் சராசரி 253.5. கீழே உள்ள 20-இன் சராசரி 249.0. காலையில் கட்டியதில் 250-க்குக் கீழே ஒன்றுகூட இல்லை; குறைந்த 13-ம் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டியவை. காலையின் திட்ட விலக்கம் 1.2, மாலையின் திட்ட விலக்கம் 1.4. அள்ளிப் போடும் கைகளின் நிதானம் மாறவில்லை. மையம்தான் அப்படியே இறங்கிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். குறைந்த எண்களை ஒரு பக்கமும் கூடியவற்றை இன்னொரு பக்கமும் தள்ளிவிட்டு 'இரண்டு கூட்டம் இருக்கிறது' என்று சொன்னால் அது ஏமாற்று. எந்த எண்களையும் அப்படிப் பிரிக்கலாம். இங்கே பிரித்தது சாப்பாட்டு மணி. எண்களைப் பார்க்கும் முன்பே போட்ட கோடு என்பதால்தான் அதை நம்புகிறேன். நீங்கள் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி அனுப்பியிருந்தால், பி-மதிப்பு ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் விஷயம் தெரியாமலே போயிருக்கும். 'ஒரே ஒரு வரிசை எண்கள்' என்று எழுதுகிறீர்கள். அந்த வரிசையே இரண்டாவது செய்தி. எந்தப் பாக்கெட் எப்போது, யார் கையால், எந்தப் பையில் என்பது ஒவ்வொரு எண்ணோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. எழுதி வைத்தால் கிடைக்கும், விட்டால் போய்விடும்.

இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் 4.5 கிராம். பத்துக் காலிப் பைகள் 45 கிராம் என்கிறீர்கள். ஆகவே ஒரு பை 4.5 கிராம். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. காலையில் காலிப் பையைத் தட்டில் வைத்து, டேர் பொத்தானை அழுத்தி, பூஜ்யமாக்கிவிட்டுத்தானே தொடங்குகிறீர்கள்? சாப்பாட்டு நேரத்தில் தராசை அணைத்தாலோ, மின்சாரம் போய் வந்தாலோ, மறுபடி ஓடும்போது அது காலித் தட்டுக்குப் பூஜ்யம் காட்டும், பையை மறந்துவிடும். பிறகு 253 காட்டியதும் நிறுத்தினால் அதில் நாலரை கிராம் பைதான். இது ஊகம். நாளை மதியம் தராசை ஓட்டியதும் ஒரு காலிப் பையை வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பதிலாக 4, 5 என்று காட்டினால் ஊகம் உறுதி. அது இல்லையென்றால் மாலையில் வேறு கட்டுப் பைகளை எடுக்கிறீர்களா, வேறு ஆள் தராசுக்கு உட்காருகிறாரா என்று பாருங்கள்.

ஈரப்பதத்தையும் சிலர் குறை சொல்வார்கள். தேயிலை ஈரத்தை இழுக்கும் பொருள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோத்தகிரிப் பனிமூட்டத்தில் திறந்து வைத்த தூள் எடை கூடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காற்றுப் புகாத பையில் கட்டினால் போட்ட எடை அப்படியே சமவெளிக்குப் போய்ச் சேரும். வெறும் காகிதப் பொட்டலமாக இருந்தால்தான், கீழே வறண்ட காற்றில் ஈரம் வெளியேறிக் கடைக்காரரின் தராசில் குறைந்து காட்டக்கூடும். ஆனால் உங்கள் எண்களை எடுத்தது உங்கள் ஊரிலேயே. ஆகவே காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இது காரணமாகாது.

இனி நீங்கள் விட்டுவிட்ட 231.

அதைச் சேர்த்துக்கொண்டு 41 எண்களுக்கும் கணக்கிட்டால் சராசரி 250.76-க்கு இறங்குகிறது. அது பெரிதல்ல, திட்ட விலக்கம் 2.6-இலிருந்து 4.1-க்கு ஏறிவிடுகிறது. அக்கா மகனின் 0.005 ஒரேயடியாக 0.24 ஆகிவிடுகிறது. ஒரு பாக்கெட்டை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்பதைப் பொறுத்து 'உறுதி' என்பது 'தெரியாது' ஆகிவிட்டது. எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் இடைநிலை அளவோ 251-இலேயே அசையாமல் நிற்கிறது. இதைப் பார்த்ததும் இடைநிலை அளவுதான் நல்லது, விலகிய எண்கள் அதைத் தொடுவதில்லை என்று சிலர் மகிழ்வார்கள். தோட்டத்தில் ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்து எவ்வளவு என்பதைப் பற்றி எழுதும்போது நானும் இடைநிலை அளவைத்தான் எடுப்பேன். ஒரு சிலர் மட்டும் மிக அதிகமாகப் பறிப்பார்கள், அவர்களால் சராசரி ஏறிவிடும். ஆனால் உங்கள் விவகாரத்தில் விலகிய எண்ணைத் தொடாத அளவுகோல், தொட வேண்டிய ஒன்றைத் தொடாமல் விடுகிறது.

பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள், 2011-ஐ ஒரு முறை படியுங்கள். அதுவும் மாதிரி எடுத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறது. ஆனால் ஒரு கேள்வி அல்ல, மூன்று. மாதிரியின் சராசரி, பையில் அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. தனித்தனிப் பாக்கெட்டில், 200 முதல் 300 கிராம் வரையான அளவுகளுக்கு 9 கிராம் குறைவு வரை பொறுத்துக்கொள்ளப்படும். அதற்கு மேல் குறைபவை மாதிரியில் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த 9-இன் இருமடங்கான 18 கிராமுக்கு மேல் ஒரு பாக்கெட்கூடக் குறையக் கூடாது. உங்கள் 40 பாக்கெட்டுகளில் மிகக் குறைந்தது 246. நான்கு கிராம்தான் குறைவு. இரண்டாம் மூன்றாம் கேள்விகளில் தேறிவிடும். 231-இன் குறைவு 19 கிராம். எதை 'கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று ஓரமாக வைத்தீர்களோ, அந்த ஒன்றுதான் மூன்றாவது கேள்வியில் உங்களைத் தோற்கடிக்கிறது.

ஓரம் ஒட்டாமல் சிந்தியிருக்கும் என்பது உங்கள் ஊகம். சரியாகவும் இருக்கலாம். அப்படியானால் ஒட்டும் இயந்திரத்தில் கோளாறு. 41-இல் ஒன்று என்றால் அன்றைய 410-இல் இன்னும் சில இருந்திருக்கலாம். விலகிய எண்ணை நீக்க ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: அளந்ததில் பிழை என்று நிரூபிக்க முடிந்தால். தராசு சாய்ந்திருந்தது, 251-ஐ 231 என்று எழுதிவிட்டேன் என்றால் நீக்கலாம். பாக்கெட் உண்மையிலேயே 231 என்றால் அது உங்கள் உற்பத்தி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மற்ற நாட்களோடு ஒட்டவில்லை என்று அந்த எண்ணை அடித்துவிட்டு ஒரு பொறியாளர் பாலத்துக்கு அளவு போட்டால் அந்தப் பாலத்தில் நீங்கள் ஏறுவீர்களா? அந்த ஒரு நாளுக்காகத்தானே மழையளவை எழுதி வைக்கிறோம். சராசரி பேசும்போது 231-ஐச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை கணக்கிட்டு இரண்டையும் எழுதுங்கள்; அருகில் ஏன் என்று ஒரு வரி. மறைக்காமல் இருந்தால் போதும்.

சட்டத்தின் முதல் கேள்விக்கும் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. முழு நாளின் சராசரி 250-ஐத் தாண்டுகிறது என்பது உண்மை. ஆனால் முத்திரை ஆய்வாளர் கடையில் எடுக்கப்போவது உங்கள் முழு நாளை அல்ல. அங்கே இருக்கும் ஒரு பெட்டியை. அது மாலையில் கட்டிய பெட்டியானால் அதன் சராசரி 249. நம்பிக்கை இடைவெளி 248.4 முதல் 249.6 வரை, முழுவதும் 250-க்குக் கீழே. காலையில் கூடுதலாகப் போட்ட தூள் மாலைப் பெட்டியைக் காப்பாற்ற வராது. அக்கா மகனிடம் இதைச் சொல்லுங்கள்: 251.25, கூட்டல் குறைத்தல் 0.8 என்ற அவனுடைய இடைவெளி, அன்றைய 410 பாக்கெட்டைப் பற்றியது. அவை எல்லாம் ஒரே நிலையான வேலையிலிருந்து வந்தவை என்று எடுத்துக்கொண்டால்தான் நாளைய பாக்கெட்டைப் பற்றி அது ஏதாவது சொல்லும். இங்கே ஒரு நாளுக்குள்ளேயே இரண்டு வேலை நடந்திருக்கிறது.

டேர் கோளாறைச் சரிசெய்த பிறகு என்ன எடைக்குக் குறிவைப்பது? இந்த இடத்தில் மணி வடிவம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. சராசரியைப் பற்றிப் பேச வடிவம் அவ்வளவு முக்கியமில்லை; ஓரத்தில் எத்தனை விழும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால் வடிவம்தான் எல்லாம். நண்பர் அந்தக் கண்டிப்பை இங்கே காட்டியிருக்கலாம். காலை, மாலை என்று தனித்தனியாகப் பார்த்தால் உங்கள் புள்ளிகள் ஒரே குன்றாக, இருபுறமும் சரிந்து, மணி வடிவத்துக்கு ஒத்துத்தான் நிற்கின்றன. பொதுவான திட்ட விலக்கம் 1.3. ஆகவே 253-க்குக் குறிவைத்தால் 250 என்பது அதற்கு 2.3 திட்ட விலக்கம் கீழே. நூற்றில் ஒரு பாக்கெட் அளவில்தான் குறையும். கோளாறைச் சரிசெய்யாமல் 2.6 என்ற முழு நாள் விலக்கத்தோடே நூற்றில் ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டுமானால் 256-க்குக் குறிவைக்க வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு மூன்று கிராம். ஆயிரம் பாக்கெட்டுக்கு மூன்று கிலோ தூள் இலவசம். ஒரு பொத்தானின் விலை அது.

இதற்கு மேல் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். 1924-இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைக்காக வால்டர் ஷூஹார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம், தேயிலைப் பாக்கெட்டுக்கும் அப்படியே பொருந்தும். மணிக்கு ஒரு முறை, அடுத்தடுத்து வரும் ஐந்து பாக்கெட்டை நிறுத்து, அவற்றின் சராசரியை ஒரு புள்ளியாக வையுங்கள். அந்த ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசமான வீச்சை அதன் கீழே எழுதுங்கள். தொடக்கத்துக்கு 253-இல் ஒரு நடுக்கோடு, 251.3-இலும் 254.7-இலும் இரண்டு எல்லைக் கோடு. இருபது தொகுதிகள் சேர்ந்ததும் சொந்த எண்களிலிருந்தே கோடுகளைத் திருத்துங்கள்: வீச்சுகளின் சராசரியை 0.577-ஆல் பெருக்கி, நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் அவ்வளவு. ஐந்து பாக்கெட் தொகுதிக்குத்தான் இந்த 0.577, நான்கு எடுத்தால் 0.729. புள்ளி கோட்டைத் தாண்டினால் வேலையை நிறுத்தித் தராசைப் பாருங்கள். வீச்சு ஆறரையைத் தாண்டினால் அந்த ஐந்தில் ஒன்று சிந்துகிறதா என்று பாருங்கள். இந்த வரைபடம் அன்று சுவரில் இருந்திருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு வைத்த முதல் புள்ளியே 249-க்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே விழுந்திருக்கும்.

கடைக்காரருக்கு எழுதும்போது சராசரி, பி-மதிப்பு என்று எதுவும் வேண்டாம். மதியத்துக்குப் பிறகு கட்டிய பாக்கெட்டுகளில் எடை குறைந்திருக்கிறது, காரணத்தைத் தேடுகிறோம், குறைந்தவற்றை மாற்றித் தருகிறோம் என்று சொல்லுங்கள். திரும்பி வந்த பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். ஓரம் விட்டிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இனிமேல் பெட்டியின்மீது தேதியோடு 'கா' அல்லது 'மா' என்று ஓர் எழுத்தும் போட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, எத்தனை பாக்கெட் நிறுத்தால் போதும் என்ற கேள்வி. சராசரிக்காக என்றால் நீங்கள் எடுத்த 40 தாராளம். குறைவான பாக்கெட் அரிது என்று காட்ட வேண்டுமானால் நாற்பது போதாது. அதற்கு மனக்கணக்காக ஒரு விதி உண்டு: நிறுத்தவற்றில் ஒன்றுகூடக் குறையவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுங்கள், உண்மை விகிதம் அதற்கு மேல் இருக்காது என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். 60 பாக்கெட்டில் ஒன்றுகூடக் குறையவில்லையென்றாலும், நூற்றுக்கு ஐந்து வரை குறைந்துகொண்டிருக்க இடமிருக்கிறது. நூற்றுக்கு ஒன்று என்று சொல்ல 300 வேண்டும். இதற்காகத் தனியாக உட்கார வேண்டாம். மணிக்கு ஐந்து என்றால் எட்டு மணி நேர வேலை நாளுக்கு 40, எட்டு நாளில் 320 தானாகச் சேர்ந்துவிடும். 253-க்குக் குறிவைத்து 320-இல் மூன்று குறைந்தால் பதற வேண்டாம். அது நாம் எதிர்பார்த்ததே. பத்து குறைந்தால் 254-க்கு ஏற்றுங்கள், அந்தப் பத்தும் எந்த மணியில் வந்தவை என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு.